படைமுகாமில் நத்தார்: வெளிநாட்டுப் படையில் பணியாற்றும் பிள்ளையிடம் முதன்முறையாகச் செல்லும் வன்னிக் குடும்பங்களுக்கு

வன்னியிலிருந்து இலண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தந்த நாட்டுக் குடிமக்களாகவே வளர்ந்துவிட்டார்கள். அவர்களுள் சிலர் அந்நாட்டுப் படைகளில் சேர்ந்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் பெற்றோரும் பேரன் பேத்தியைப் பார்க்காத அம்மம்மாவும் இதை அயலாரிடம் உரத்துச் சொல்லத் தயங்குவதுண்டு. அந்தத் தயக்கத்துக்கு இந்த மண்ணில் விளக்கம் தேவையில்லை. ஆனால் ஒரு நாள், "இந்த நத்தாருக்கு எங்களோடு வந்து நில்லுங்கோ" என்று அழைப்பு வரும். அழைப்பு பிரித்தானியாவிலிருந்தே வரவேண்டும் என்றில்லை. பிள்ளை சைப்பிரசில் இருக்கலாம், ஜேர்மனியில் இருக்கலாம், பால்டிக் கரையில் பனிக்குள் இருக்கலாம். அப்படிப் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை, பிரித்தானியப் படையினர் நிலைகொண்டுள்ள சைப்பிரசை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே எழுதுகிறேன். மற்றப் படைகளின் வழக்கம் வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிடுகிறேன்.

முதலில் நாளை உறுதிசெய்யுங்கள்

படைமுகாமில் நாட்காட்டியைவிடக் கடமைப் பட்டியலே பெரியது. நத்தாருக்காக எந்த முகாமும் மூடப்படுவதில்லை. வாயிற்காவல், விமானத்தளம், சமையற்கூடம், மருத்துவ நிலையம் ஆகிய அனைத்துக்கும் அன்றும் ஆள் வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் வீட்டில் இருக்கட்டும் என்று திருமணமாகாதவர்கள் அந்த நாளின் கடமையைத் தாமே கேட்டு ஏற்றுக்கொள்வது பல படைகளிலும் நல்ல வழக்கமாக இருக்கிறது. உங்கள் மகன் திருமணமாகாதவரென்றால் அவரே அந்த ஆளாக இருக்கக்கூடும். ஆகவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன், விடுமுறை எழுத்தில் அனுமதிக்கப்பட்டுவிட்டதா, 24ஆம் 25ஆம் திகதிகளில் காவற்கடமை விழுமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட விடுமுறையும் திரும்பப் பெறப்படலாம் என்பதால், விலை சற்றுக் கூடினாலும் திகதி மாற்றக்கூடிய சீட்டையே எடுப்பது புத்தி.

பிரெஞ்சு வெளிநாட்டவர் படையணியில் இருப்பவரின் குடும்பம் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1831இல் தொடங்கப்பட்டு இன்று பிரான்சின் ஒபாஞ் நகரில் தலைமையகம் கொண்டிருக்கும் அந்தப் படையணியில், நத்தார் இரவு படையணியின் குடும்ப விழா. அலுவலர்கள்கூடத் தங்கள் மனைவி மக்களை விட்டுவிட்டு அன்றிரவு வீரர்களுடனேயே உண்பார்கள். ஒவ்வொரு பிரிவும் இயேசு பிறப்பைக் காட்டும் ஒரு குடில் கட்டும். எந்தக் குடில் சிறந்தது என்று போட்டி வைத்துத் தீர்ப்பளிப்பார்கள். வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குடில் கட்டி வளர்ந்த மன்னார்ப் பிள்ளை அங்கே நன்றாகவே பொருந்திப்போகும். ஆனால் 24ஆம் திகதி இரவு அவர் உங்கள் பக்கத்தில் இருப்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

என் எண்ணத்தில், 25ஆம் திகதியைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ளாதவர்களுக்கே இந்தப் பயணம் இனிமையாக அமையும். மூன்று இராசாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை நத்தார் காலந்தான். பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கும் ஏதாவது ஒரு மாலையை வீட்டு நத்தாராக முன்கூட்டியே குறித்துவிடுங்கள். அதற்குள் 25ஆம் திகதி கிடைத்தால் அது மேலதிகம்.

பத்திரங்கள்

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. இந்த இடத்தில் எங்கள் பகுதியினர் அதிகம் தடக்கி விழுவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, மகன் வெளிநாட்டில் பதிந்துகொண்ட தகப்பன் பெயர் மூன்றாவது விதம் என்றிருக்கும். இடம்பெயர்வில் மூலப்பத்திரம் தொலைந்து பிறகு புதிதாக எடுத்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல். விசா அலுவலரும் முகாமின் வாயிற்காவலரும் பார்ப்பது கடவுச்சீட்டில் உள்ள பெயரை மட்டுமே. அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே படமெடுத்துப் பிள்ளைக்கு அனுப்பி, அனுமதிப் படிவத்தை அதன்படியே நிரப்பச் சொல்லுங்கள்.

விசாவைப் பற்றி ஒரு தெளிவு அவசியம். பிரித்தானியப் படைமுகாமுக்குப் போகிறோம், ஆகவே பிரித்தானிய விசா போதும் என்று எண்ணுவது தவறு. சைப்பிரஸ் 1960இல் சுதந்திரம் பெற்றபோது அக்ரோத்திரி, டெக்கேலியா என்னும் இரண்டு நிலப்பகுதிகளைப் பிரித்தானியா தன் இறையாண்மையிலேயே வைத்துக்கொண்டது உண்மைதான். ஆயினும் நீங்கள் வந்து இறங்குவது லார்னக்கா அல்லது பாபோஸ் விமான நிலையத்தில். அவை சைப்பிரஸ் குடியரசுக்கு உரியவை. ஆகையால் உங்களுக்கு வேண்டியது சைப்பிரஸ் விசா. ஜேர்மனியிலுள்ள அமெரிக்க முகாமுக்குப் போகிறவருக்கும் இதுவே விதி: அவருக்கு வேண்டியது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான செங்கன் விசா, அமெரிக்க விசா அன்று. செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதியும் கேட்பார்கள். நத்தாரை ஒட்டிய மாதங்களில் விண்ணப்ப நேரம் கிடைப்பது கடினமாதலால் ஆவணி, புரட்டாதியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. வயல் வேலை மும்முரமாகும் முன்பு இதை முடித்துவிடவும் அது வசதி.

நிலமும் வீடும் ஊரில் இருப்பதைக் காட்டும் உறுதி, கிராம அலுவலர் சான்றிதழ், வங்கிக் கணக்குப் பதிவு, ஓய்வூதியம் பெறுபவரென்றால் அதற்கான கடிதம் ஆகியவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்குக் காரணம் இருக்கிறது என்பதை அவை சொல்ல வேண்டும். காலபோக நெல் வயலில் நிற்கிறது, அறுவடைக்கு நான் வந்தாக வேண்டும் என்பதும் எழுதத் தகுந்த காரணமே.

எங்கே தங்குவது என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். திருமணமான படையினருக்குக் குடும்ப வீடு கொடுக்கப்பட்டிருக்கும். அதில் விருந்தினர் தங்கலாம், ஆனால் எத்தனை நாட்கள் என்பதற்கு எல்லை உண்டு. குடியிருப்பு அலுவலகத்துக்கு அறிவிப்பது பிள்ளையின் பொறுப்பு. திருமணமாகாத சிப்பாயின் அறையில் பெற்றோர் தங்க முடியாது. வெளியே ஊருக்குள் ஒரு சிறு வீட்டை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ளதாக எடுத்தால் மகனும் அவருடைய நண்பர்களும் சோறு கறிக்கு அங்கே வந்து சேர்வார்கள். விடுதி அறையைவிட அதுவே எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

வாயிற்காவல்

சைப்பிரசிலுள்ள அந்தத் தளப் பகுதிகள் முழுவதும் கம்பி வேலியால் அடைக்கப்பட்டவை அல்ல. அவற்றுள் சைப்பிரஸ் மக்களின் ஊர்களும் வயல்களும் தெருக்களும் இருக்கின்றன. வேலியும் காவலும் முகாமைச் சுற்றியே. உள்ளே போவதற்கு உங்களுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும். பிள்ளையோ மருமகளோ முன்கூட்டியே பெயர் கொடுத்து அனுமதிச் சீட்டு எடுத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டைக் கையில் எடுத்து வைத்திருங்கள். வாகனத்தைச் சோதிப்பார்கள், பொதியைத் திறக்கச் சொல்லலாம்.

இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைக்கலாம். சோதனைச் சாவடி எங்களுக்குப் புதிதல்ல. ஓமந்தையில் வெயிலுக்குள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. சீருடையும் துப்பாக்கியும் கொண்ட ஒருவர் அடையாள அட்டையைக் கேட்கும்போது, அவர் சிரித்த முகத்தோடு கேட்டாலும், உடம்பு தன் பழைய பாடத்தை மறக்காது. கை நடுங்கலாம், வாய் உலரலாம், காரணமில்லாமல் கோபம் வரலாம். வயதானவர்களுக்கும், 2009இல் சிறு பிள்ளைகளாக இருந்து இன்று வளர்ந்தவர்களுக்கும் இது நேரலாம். பிள்ளை அங்கேயே வளர்ந்தவராதலால் இது அவருக்குத் தோன்றாமல் போகலாம்; நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். முதல் நாள் உங்களை வாயிலில் தனியே விடாமல் அவரே வெளியே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

சத்தங்களைப் பற்றியும் முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள். அக்ரோத்திரியிலிருந்து ரைபூன் போர் விமானங்கள் பறக்கின்றன. தலைக்கு மேலே தாழ்வாக அவை எழும்பும் இரைச்சலைக் கேட்டதும் பதுங்குகுழியைத் தேடும் கண்கள் எங்களிடம் இன்னும் உள்ளன. சுடுதளப் பயிற்சி எந்த நாட்களில், எந்த நேரத்தில் என்பதைப் பிள்ளையால் கேட்டுச் சொல்ல முடியும். வருடப்பிறப்பு நள்ளிரவில் வாணவேடிக்கை இருக்கும். நத்தார் மேசையில் ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் வண்ணத்தாள் சுற்றிய ஒரு குழல் வைக்கப்பட்டிருக்கும். அதன் இரண்டு முனைகளையும் இருவர் பிடித்து இழுத்தால் படாரென்று ஒரு சிறு வெடியோசை எழும்பி, உள்ளிருந்து கடதாசி முடியும் ஒரு பகிடித் துண்டும் விழும். எல்லோரும் சிரிக்கும் அந்த நேரத்தில் நீங்கள் மட்டும் துள்ளி எழும்பாமலிருக்க இதை அறிந்துவைத்திருப்பது நல்லது. அம்மம்மாவுக்கு வேண்டாமென்றால் அவருடைய குழலை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

படமெடுப்பதில் மிகவும் கவனம் வேண்டும். வாயில், காவலர், விமானம், வாகன இலக்கம் எதையும் எடுக்க வேண்டாம். வீட்டுக்குள் எடுத்த படத்தையும், பிள்ளையின் படைப்பிரிவு, முகாமின் பெயர், அடுத்து எங்கே போகிறார் என்ற விவரம் ஆகியவற்றோடு முகநூலில் போடாதீர்கள். ஊரில் எல்லோரும் கேட்பார்கள் என்பது தெரியும். குடும்பத்துக்குள் நேரில் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டறிந்த பிறகு, சில படையினர் போரைப் பற்றி ஆர்வத்தோடு வினவக்கூடும். எவ்வளவு சொல்வது என்பது முழுக்க உங்கள் விருப்பம். "அதைப் பற்றி இன்று வேண்டாம்" என்று சொல்வது மரியாதைக் குறைவன்று. படையில் உள்ளவர்களுக்கு அந்தப் பதில் மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கும். அதேபோல, அவர்கள் எந்தப் போருக்குப் போனார்கள், என்ன செய்தார்கள் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

பொதி கட்டுதல்

சைப்பிரஸ், பிரான்ஸ், ஜேர்மனி ஆகியவை ஐரோப்பிய ஒன்றிய நாடுகள். வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பாலும் அவற்றால் ஆன பண்டங்களும் கொண்டுவரக் கூடாது. நெய்யூற்றிய பலகாரம், பால்மா கலந்த இனிப்பு, இறைச்சி வற்றல் ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கறிவேப்பிலை, மாம்பழம், பச்சை மிளகாய் போன்ற பச்சைப் பொருட்களுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சம்பழம், துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கருவாட்டை உங்கள் சாப்பாட்டு அளவுக்குக் கொண்டு போகலாம். ஆனால் நன்றாகக் காய்ந்ததை மூன்று உறைகளுக்குள் கட்டுங்கள், படைக் குடியிருப்பின் சுவர்கள் மெல்லியவை.

தாராளமாகக் கொண்டு போகக்கூடியவை எங்களிடமே நிறைய உண்டு. தேங்காய் எண்ணெயில் சுட்ட முறுக்கும் அரியதரமும் பயற்றம் பணியாரமும் நீண்ட பயணத்தைத் தாங்கும். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் பிள்ளைக்குத் தங்கம். அவருடைய பிரிவுத் தோழர்களுக்கென்று ஒரு பொருள் தேடுகிறவர்களுக்கு என் பரிந்துரை பனங்கட்டிக் குட்டான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓலைக் குட்டானுக்குள் பனங்கட்டி இறுகிக் கிடக்கும்; ஒன்றிரண்டு உடைந்தாலும் மீதி அழகாகவே போய்ச் சேரும்; தேநீரோடு கடித்துக்கொள்ளலாம் என்று ஒருவருக்குக் காட்டிவிட்டால் மற்றவர்கள் தாமே கேட்டு வருவார்கள்.

மருந்தில் ஒரு விஷயம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் குளிசைகளைச் சிறு கடதாசி உறையில் எண்ணிப் போட்டுத் தருவார்கள். அந்த உறையைச் சுங்கத்தில் காட்டினால் கேள்வி எழும். பயண நாட்களுக்கு மட்டும் மருந்தகத்தில் அட்டையோடும் பெட்டியோடும் வாங்கிக்கொண்டு, கிளினிக் கொப்பியையும் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். முகாமின் மருத்துவ நிலையம் படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் உரியது. வந்து போகும் விருந்தினர் வெளி மருத்துவமனைக்கே போக வேண்டும் என்பதால், விசாவுக்குக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் காப்புறுதி எடுங்கள்.

சைப்பிரசின் மார்கழி ஐரோப்பாவின் மற்றப் பகுதிகளைப் போல் உறைபனி அன்று. கரையோரத்தில் பகலில் 17, 18 பாகை இருக்கும், இரவில் 10 பாகைக்கும் கீழே போகும், மழையும் பெய்யும். வெளியே தாங்கக்கூடிய குளிர் வீட்டுக்குள் ஈரமாக நிற்கும். காலுறையும் கம்பளிச் சட்டையும் போதும். லத்வியாவிலுள்ள ஆதாசி முகாமில் கனடாவின் தலைமையில் இயங்கும் நேட்டோ படைப்பிரிவைப் போன்ற இடங்கள் வேறு உலகம். அங்கே மார்கழியில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அங்கு குடும்பத்தார் போய்த் தங்குவதைவிட, பிள்ளை விடுமுறையில் கனடாவுக்குத் திரும்பும்போது சந்திப்பதே நடைமுறைக்கு ஏற்றது. சைப்பிரசில் எங்கள் நாட்டைப் போலவே இடப்பக்கம் வாகனம் ஓடும். மின்செருகி சதுர முள் மூன்று கொண்டது. வீட்டிலுள்ள பழைய உருண்டை முள் செருகி அங்கே பொருந்தாது.

விழா நாள்

பிரித்தானியத் தரைப்படையில் நத்தார் காலையில் அலுவலர்களும் சார்ஜன்ட்களும் சிப்பாய்களின் படுக்கைக்கே போய், றம் கலந்த தேநீர் ஊற்றிக் கொடுக்கும் பழைய வழக்கம் உண்டு. நத்தார் விருந்திலும் மேலதிகாரிகளே பரிமாறுவார்கள், இளையவர்கள் அமர்ந்து உண்பார்கள். கனடியப் படையிலும் அமெரிக்கப் படையிலும் இதை ஒத்த வழக்கம் இருக்கிறது. சில பிரிவுகளில் மிக இளைய சிப்பாய் அன்று கட்டளை அதிகாரியின் மேலங்கியை மாட்டிக்கொண்டு அதிகாரியாக நடிப்பார். இந்த விருந்து பெரும்பாலும் 25ஆம் திகதிக்கு முந்திய ஒரு வேலைநாளில், விடுமுறைக்குப் பிரியும் முன் நடக்கும். அது படையினருக்கு மட்டுமே உரியது. குடும்பங்கள் அழைக்கப்படுவது பிள்ளைகளுக்கான நத்தார் தாத்தா வரும் கொண்டாட்டம், கரோல் வழிபாடு, சில வேளை உணவு மண்டபத்தில் ஒரு மதிய விருந்து ஆகியவற்றுக்கு. அழைப்பிதழில் உடை குறிப்பிடப்பட்டிருக்கும். சேலை எந்த விருந்துக்கும் பொருந்தும். வேட்டி கட்ட விரும்பும் ஆண்கள் பிள்ளை மூலம் முன்பே ஒரு சொல் கேட்டுக்கொண்டால் போதும். மன்னருக்கு வாழ்த்துச் சொல்லி எல்லோரும் எழுந்தால் நீங்களும் எழுந்து நில்லுங்கள். குவளையில் தண்ணீர் இருந்தாலும் குறையில்லை.

சைவக் குடும்பத்தினர் கவனிக்க: வான்கோழியோடு வரும் உருளைக்கிழங்கு விலங்குக் கொழுப்பில் வறுக்கப்பட்டிருக்கலாம். உலர்பழம் அடைத்துச் சுட்ட 'பை' (pie) என்னும் சிறு மாப்பண்டத்திலும் நத்தார் புடிங்கிலும் இறைச்சி இல்லாவிட்டாலும் மாட்டுக் கொழுப்பு சேர்க்கும் மரபு உண்டு. மரக்கறி உண்பவரென்று அழைப்புக்குப் பதில் கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள்; மேசையில் அமர்ந்த பிறகு சொன்னால் அவர்கள்தான் அதிகம் சங்கடப்படுவார்கள்.

முகாமில் தேவாலயமும் படைக் குருவும் இருப்பார்கள். கத்தோலிக்கத் திருப்பலி அங்கேயே உண்டா, நள்ளிரவிலா மாலையிலா என்று கேட்டறியுங்கள். இல்லையென்றால் லிமசோலில் புனித கத்தரீனாள் ஆலயம் இருக்கிறது. சைப்பிரசில் வேலை செய்யும் இலங்கையர் பலர் என்பதால் வழிபாடு முடிந்து வெளியே வரும்போது சிங்களமும் தமிழும் காதில் விழுவது வியப்பன்று. அப்படிக் கிடைக்கும் அறிமுகத்தால், கறிவேப்பிலை எந்தக் கடையில் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். மார்கழியில் சைப்பிரஸ் எங்களைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். மடுவிலோ முல்லைத்தீவிலோ நள்ளிரவுப் பூசை தொடங்கும்போது அங்கே இரவு எட்டரை. ஆகவே ஊராரோடு பேசுவதற்கு அங்குள்ள திருப்பலிக்கு முந்திய நேரமே வசதி. ஜேர்மனி, பிரான்ஸ் என்றால் நாலரை மணி நேர வித்தியாசம்.

26ஆம் திகதி சைப்பிரசில் விடுமுறை. விளையாட்டும் மிச்சச் சாப்பாடுமாகக் கழியும். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன உறவுகள் முல்லைத்தீவுக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அந்தக் காலையில் பெயர் சொல்லி மன்றாட விரும்பினால் முதல் நாளே குருவிடம் எழுதிக் கொடுங்கள். படைக் குருமார் இறந்தோரை நினைவுகூரும் வழிபாடுகளுக்குப் பழகியவர்கள், மறுக்கமாட்டார்கள்.

பிள்ளை அங்கே இல்லாமல் போனால்

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளையைத் திடீரென வேறிடம் அனுப்பிவிடுவதும் நடக்கும். அப்போது மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அவர்களுக்கு அந்த நாட்களில்தான் ஆள் வேண்டும். படைப்பிரிவின் நலன்புரி அலுவலர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன என்பதை வந்த முதல் நாளே மருமகளிடம் கேட்டு எழுதி வைத்திருங்கள்.

அவருக்குப் பொதி அனுப்ப வேண்டுமென்றால் பிரித்தானியப் படை அஞ்சல் சேவை இருக்கிறது. அந்த முகவரியில் படை இலக்கம், பதவிநிலை, பெயர், பிரிவு, படை அஞ்சல் நிலைய இலக்கம் ஆகியவை இருக்க வேண்டும். பிள்ளை இருக்கும் ஊரின் பெயரையோ நாட்டின் பெயரையோ எழுதினால் பொதி அந்நாட்டுப் பொது அஞ்சலுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். நத்தாருக்குள் போய்ச் சேர வேண்டிய பொதிகளை எந்தத் திகதிக்குள் கொடுக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். தூரமான இடங்களுக்கு அத்திகதி மிக முந்தியது. கிளிநொச்சியிலிருந்து நேரே அனுப்புவதைவிட, இலண்டனிலுள்ள உறவினர் கையில் சேர்த்து அங்கிருந்து அனுப்புவது சுலபம். வாசனைத் திரவியம், மது, தனி மின்கலம் ஆகியவற்றை உள்ளே வைக்காதீர்கள்.

புறப்படும்போது

முகாமின் அனுமதிச் சீட்டை வாயிலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காத சீட்டுக்குப் பிள்ளையே பதில் சொல்ல வேண்டியிருக்கும். அமெரிக்க முகாமிலென்றால், உள்ளே உள்ள கடைகளில் வரியின்றி விற்கப்படும் பொருட்களை வாங்கும் உரிமை விருந்தினருக்கு இல்லை. "எங்களுக்கும் ஒன்று எடுத்துத் தா" என்று கேட்டுப் பிள்ளையைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். வெளிக் கடையில் வாங்கிப் பற்றுச்சீட்டோடு வாருங்கள். சைப்பிரசிலிருந்து திரும்புகிறவர்கள், கடவுச்சீட்டில் வந்த முத்திரையும் போன முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று விமான நிலையத்திலேயே பாருங்கள், ஏனெனில் அடுத்த நத்தாருக்கு விசா கேட்கும்போது குறித்த நாளுக்குள் திரும்பினீர்கள் என்பதற்கு அவையே சான்று.